மெயின் சுவிட்சையும் அணைக்கலாமா?

கேள்வி: ஓஎல்இடி டிவியை ரிமோட்டில் அணைத்து வெகுநேரம் கழித்து உள்ளே ‘டிக்’ என்கிறது. மெயின் சுவிட்சையும் அணைத்துவிடலாமா?
— வாசகி, சேலம்

பதில்: தயவுசெய்து உடனே அணைக்காதீர்கள். எல்ஜி டிவி என்றால், மொத்தமாக 4 மணி நேரம் ஓடிய பிறகு, அடுத்த முறை ரிமோட்டில் அணைத்ததும் பிக்சல்களை, அதாவது திரையின் ஒளிப்புள்ளிகளை, இயக்கும் டிரான்சிஸ்டர்கள் (மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் நுண்பாகங்கள்) தேய்மானத்தால் எவ்வளவு மாறியிருக்கின்றன என்று தானாகவே அளந்து மின்னழுத்தத்தைத் திருத்திக்கொள்ளும். இதில் பெரிய தொல்லை சூடுதான். அதே மின்னழுத்தத்தில், சூடான பிக்சலில் மின்னோட்டம் கூடுதலாகப் பாயும் என்பதால், வெப்பநிலையைக் கணக்கில் எடுக்காமல் அளந்தால் சூடு எது, தேய்மானம் எது என்று பிரிக்க முடியாது, திருத்தமே தப்பாகி, சாம்பல் நிறக் காட்சிகளில் கோடு கோடாகத் தெரியும். அதனால் திரை கொஞ்சம் ஆறட்டும், விடுங்கள். அந்த ‘டிக்’ பெரும்பாலும் உள்ளே மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் ரிலே என்ற சுவிட்சின் சத்தம், பயப்பட ஒன்றுமில்லை. ஊருக்குப் போகிறீர்களா, சரி, ஒரு மணி நேரம் கழித்து அணையுங்கள்.