மண்ணுக்கடியில் போன பணம்: வாசகர் கேள்வி-பதில்

அடைமழைக் காலத்தில் வழக்கமாகக் கூரை ஒழுகல் பற்றித்தான் கடிதம் வரும். இந்த முறை பிரெஞ்சு டிரெயின் பற்றியே நிறைய. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: வீட்டை ஒட்டிப் பள்ளம் வெட்டி, ஜியோடெக்ஸ்டைல் துணி (தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கும் துணி) விரித்து, ஓட்டை போட்ட பைப்பை வைத்து, சுற்றிலும் ஜல்லி கொட்டுவது. மண்ணில் ஊறும் தண்ணீர் ஜல்லி வழியாக இறங்கி, பைப்பில் சேர்ந்து, வெளிக் கால்வாய்க்குப் போய்விடும். நல்ல ஏற்பாடுதான், ஒழுங்காகப் போட்டால்.

கேள்வி: போட்டு இரண்டு வருடம் ஆகிறது. "பராமரிப்பே தேவையில்லை" என்று சொல்லித்தான் விற்றார்கள். இப்போது கொஞ்ச நேர மழைக்கே கார் நிறுத்தும் இடத்தின் ஓரம் தண்ணீர் தேங்குகிறது. எல்லாவற்றையும் தோண்டி எடுக்க வேண்டுமா? (வாசகி, செந்தூல்)

பதில்: வேண்டாம்மா, மண்வெட்டியைக் கீழே வையுங்கள். முதலில் பைப்பு எங்கே போய் வெளியே வருகிறது என்று தேடுங்கள். பல வீடுகளில் கோளாறு அந்த வாயில்தான் இருக்கும்: மக்கிய இலை, புல், பக்கத்து வீட்டில் டைல்ஸ் ஒட்டியபோது கழுவிவிட்ட சிமெண்டு கட்டி. அதை எடுத்துவிட்டு, மேல்முனையில் மூடி போட்ட பைப்பு ஒன்று நிமிர்ந்து நிற்கிறதா பாருங்கள். அதைத்தான் கிளீன்அவுட் என்பார்கள். மூடியைத் திறந்து ரப்பர் குழாயை உள்ளே விட்டு, தண்ணீரை முழு வேகத்தில் திறந்துவிடுங்கள், இன்னொருவர் கீழ்வாயில் நின்று பார்க்கட்டும். முதலில் கலங்கலாக வந்து பிறகு தெளிந்தால் பைப்பு நன்றாக இருக்கிறது, மேல் ஜல்லிதான் சேறு பிடித்துக் கிடக்கிறது என்று அர்த்தம். மேலே உள்ள மூன்று நான்கு அங்குல ஜல்லியை மட்டும் வாரி, கழுவி, திரும்பப் போட்டால் போதும். தண்ணீர் கீழே வராமல் மேலேயே பொங்கினால் அடைப்பு பைப்புக்குள். அதற்குத்தான் ஆள் கூப்பிட வேண்டும்.

இன்னொன்று. பராமரிப்பு தேவைப்படாத வடிகால் எதுவும் கிடையாது. பொய்யான வாக்குக் கொடுத்து விற்பதை மலேசியாவின் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் அனுமதிப்பதில்லை. அந்த விளம்பரத் தாள் இருந்தால் பத்திரமாக வையுங்கள்.

கேள்வி: வாஷிங் மெஷின் தண்ணீரையும் கூரைத் தண்ணீரையும் இதே பைப்பில் விட்டுவிட்டால் என்ன? (கெப்போங்)

பதில்: விடவே கூடாது. சோப்புக் கழிவும் துணி நூலும் ஓட்டைகளை அடைக்கும். கூரைத் தண்ணீருக்கு ஓட்டையில்லாத தனிப் பைப்பு வேண்டும்.

கேள்வி: பிரெஞ்சு டிரெயின் போட ஒரு குத்தகையாளருக்கு 4,800 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தேன். நான் வேலைக்குப் போன நேரத்தில் பள்ளத்தை மூடிவிட்டுப் போய்விட்டார். மூன்று மாதத்தில் அடைத்துக்கொண்டது. தோண்டிப் பார்த்தால் ஜல்லிக்குப் பதில் கிரஷர் ரன்னும் உடைந்த செங்கல்லும், துணியே இல்லை. இப்போது போனையே எடுப்பதில்லை. ரசீது இல்லை, வாட்ஸ்அப் பேச்சு மட்டும் இருக்கிறது. (பட்டர்வொர்த்)

பதில்: படித்ததும் வயிறு எரிந்தது ஐயா. உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. வேலைக்குப் போகிற மனிதர் பள்ளத்தின் ஓரத்தில் உட்கார்ந்து காவல் காக்க முடியுமா?

கிரஷர் ரன் என்பது பெரிய கல், சின்னக் கல், கல்தூள் எல்லாம் கலந்தது. சாலைக்கு அடியில் போட்டு இறுக்குவதற்கென்றே உள்ள பொருள். இறுகினால் தண்ணீர் எப்படி இறங்கும்? இந்த வேலைக்குக் கழுவிய ஜல்லி வேண்டும், 20 மில்லிமீட்டர் அளவு, கையில் அள்ளினால் உள்ளங்கையில் தூள் ஒட்டக் கூடாது. விலை கொஞ்சம் கூட. அந்த வித்தியாசத்தைத் தன் பைக்குள் போட்டுக்கொள்ளத்தான் இந்த ஆட்கள் அவசர அவசரமாக மண்ணைத் தள்ளி மூடுகிறார்கள். கிளீன்அவுட்டும் இப்படித்தான்: ஒரு துண்டுப் பைப்பு, ஒரு வளைவு, ஒரு மூடி, அவ்வளவுதான் செலவு. அதை வைக்காமல் போனால் உள்ளே சுத்தம் செய்ய வழியே கிடையாது. அடைத்தால் மறுபடி தோண்ட வேண்டும், மறுபடி அவர்களுக்கே காசு. வருடக் கணக்காக இதை எழுதிக்கொண்டிருக்கிறேன், இன்னும் மாறவில்லை. கடைகளும் சளைத்தவை அல்ல. துணி உறை மாட்டிய பைப்பு, மண்ணே உள்ளே போகாது என்று சொல்லி ஒரு கடை எனக்கு விற்றது. எங்கள் பக்கத்துக் களிமண் அந்த உறைமேல் பிசின் மாதிரி அப்பிக்கொண்டது, மண்ணோடு சேர்ந்து தண்ணீரும் உள்ளே போகவில்லை. துணி பள்ளத்தின் சுவரை ஒட்டி ஜல்லியைச் சுற்றி இருக்க வேண்டும், களிமண்ணில் பைப்பை மட்டும் சுற்றினால் இந்தக் கதிதான். இதை விற்கிறவர் சொல்ல மாட்டார்.

சரி, உங்கள் பணம். தோண்டிய இடத்தை அப்படியே விடுங்கள். அளவு நாடாவை வைத்துப் படம் எடுங்கள், அந்தக் கல்லில் ஒரு வாளி எடுத்து வையுங்கள், வேறொரு குத்தகையாளரிடம் பழுதுபார்க்க எவ்வளவு ஆகும் என்று எழுத்தில் வாங்குங்கள். வாட்ஸ்அப் பேச்சும் வங்கிப் பரிமாற்றமும் சாட்சிதான், ரசீது இல்லையே என்று கலங்க வேண்டாம். 14 நாளில் சரிசெய் அல்லது பணத்தைத் திருப்பிக் கொடு என்று எழுதி அனுப்புங்கள். அசையவில்லை என்றால் திரிபுனல் துந்துத்தான் பெங்குனாவில், அதாவது பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில், மனுப் போடுங்கள். கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரை கேட்கலாம், வழக்கறிஞர் தேவையில்லை. மூன்று வருடத்துக்குள் போட வேண்டும், ஆனால் அவ்வளவு காத்திருக்காதீர்கள், மழை உங்கள் சாட்சியைக் கரைத்துவிடும். மனு எழுதத் தடுமாறினால் பினாங்குப் பயனீட்டாளர் சங்கத்தில் போய்க் கேளுங்கள்.

கேள்வி: வடிகால் போடும் ஆளைப் பேஸ்புக்கில் பார்த்து 2,000 வெள்ளி முன்பணம் அனுப்பினேன். ஆள் வரவில்லை. பெயர் சரியாகத் தெரியாது. எந்தப் பைப்பு, எத்தனை அடி என்றும் பேசவில்லை. (பெட்டாலிங் ஜெயா)

பதில்: பெயரும் கேட்காமல் அளவும் பேசாமல் 2,000 வெள்ளியை எப்படித் தம்பி அனுப்பினீர்கள்? ஒரு கிலோ மீன் வாங்கினால்கூடச் செவுளைத் தூக்கிப் பார்க்கிறோம். வங்கிக் கணக்கில் இருக்கும் பெயரோடு போலீசில் புகார் செய்யுங்கள், வங்கிக்கும் இன்றே சொல்லுங்கள். அடுத்த முறை சிஐடிபி (கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியம்) பதிவு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பைப்பின் அளவு, ஜல்லி வகை, கிளீன்அவுட் எத்தனை என்பதை எழுதி வாங்கிய பிறகு காசை எடுங்கள். பத்து மீட்டருக்குக் குறைந்தது 10 சென்டிமீட்டர் சரிவு என்பதும் அதில் இருக்கட்டும். கொத்தனார் மட்டம் பார்க்க வைத்திருக்கும் தண்ணீர் டியூப்பாலேயே அதை உங்கள் கண்முன் அளந்து காட்டலாம். பள்ளத்தை மூடுவதற்கு முன் மேல்முனையில் தண்ணீர் ஊற்றி, கீழே வருகிறதா என்று பார்த்துத்தான் கடைசிப் பணம்.

கேள்வி: பைப்பின் வாயில் ஆரஞ்சு நிறத்தில் கொழகொழவென்று வழிகிறது, மேலே எண்ணெய்ப் படலம். பைப்பு கெட்டுவிட்டது, மாற்ற 3,500 என்கிறார் குத்தகையாளர். (ஆயர் ஈத்தாம்)

பதில்: ஒரு குச்சியை எடுத்து அந்தப் படலத்தைக் கிளறிப் பாருங்கள். கண்ணாடிச் சில்லு போலத் துண்டு துண்டாக உடைந்து அப்படியே நின்றால் அது எண்ணெய் இல்லை, மண்ணில் உள்ள இரும்பைத் தின்னும் பாக்டீரியா. உடனே திரும்ப ஒன்றுகூடினால்தான் எண்ணெய். பாக்டீரியாவாக இருந்தால் பைப்பில் குற்றமில்லை, புதுப் பைப்பு போட்டாலும் திரும்ப வரும். மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை கிளீன்அவுட் வழியாகத் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். ஆசிட் ஊற்ற வேண்டாம், அது மண்ணுக்கும் கால்வாய்க்கும்தான் போகும். 3,500 உங்கள் சட்டைப்பையிலேயே இருக்கட்டும்.

கேள்வி: சுங்கை பினாங்கு ஓரத்தில் வீடு. 2017 நவம்பர் வெள்ளத்தில் நிறைய இழந்தோம். பிரெஞ்சு டிரெயின் போட்டால் வெள்ளம் வராது என்கிறார் ஒருவர். (ஜெலுத்தோங்)

பதில்: வரும். ஆறும் கால்வாயும் நிரம்பிய பிறகு உங்கள் பைப்பு எங்கே கொட்டும்? தண்ணீர் அதே வழியாகத் திரும்பி உள்ளே வரவும் கூடும். இது மண் ஈரத்துக்கான ஏற்பாடு, ஆற்று வெள்ளத்துக்கு அல்ல. அப்படிச் சொல்லி விற்கிறவருக்கு ஒரு காசும் கொடுக்காதீர்கள்.

கேள்வி: புது வீடு, சாவி வாங்கி 14 மாதம். பின்பக்க வடிகால் அடைத்தால் அது உங்கள் பராமரிப்பு என்று கை கழுவுகிறார் மேம்பாட்டாளர். (செராஸ்)

பதில்: வீட்டோடு அவர் போட்டுக் கொடுத்த வடிகால் என்றால் 24 மாதக் குறைபாட்டுப் பொறுப்பு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. படத்தோடு எழுத்தில் அனுப்புங்கள், 30 நாளில் அவர் செலவில் சரிசெய்ய வேண்டும். மறுத்தால் வீடு வாங்குவோருக்கென்று தனி நடுவர் மன்றம் இருக்கிறது. ஆனால் இலை விழுந்து அடைத்ததற்கு அவரைக் கூப்பிடாதீர்கள், அது உங்கள் வேலை.

கேள்வி: வடிகால் தண்ணீர் சேரும் சம்ப் குழியில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கிறது. பரவாயில்லையா? (பிரிக்பீல்ட்ஸ்)

பதில்: டிங்கிக் காய்ச்சல் வரும். ஒரு வாரத்திலேயே கொசு வளர்ந்து பறந்துவிடும். அடியில் ஓட்டை போட்டு ஜல்லி மேல் உட்கார வையுங்கள், அதுவரை பத்து லிட்டருக்கு ஒரு கிராம் அபேட் (கொசுப்புழு மருந்து) போடுங்கள்.

கேள்வி: வருடத்துக்கு 600 வெள்ளி, இரண்டு முறை ஜெட் (அதிக அழுத்தத் தண்ணீர்) போட்டுக் கழுவும் பேக்கேஜ் வாங்கலாமா? (தஞ்சோங் பூங்கா)

பதில்: தண்ணீர் ஓடுகிற வடிகாலுக்கு ரப்பர் குழாயே போதும், மழை வலுக்கும் முன் மார்ச்சில் ஒருமுறை, செப்டம்பருக்குள் ஒருமுறை. வேர் புகுந்திருந்தால் ஜெட் தேவைதான். டிரில்லில் மாட்டும் ஸ்பிரிங் ஒன்றை இதற்கென்று விலை கொடுத்து வாங்கினேன், முதல் வளைவிலேயே முறுக்கிக்கொண்டு நின்றுவிட்டது, அதைத் தொடாதீர்கள். பேக்கேஜ் எடுப்பதானால் நெளிவுப் பைப்பா கெட்டிப் பைப்பா என்று முதலில் சொல்லுங்கள், மெல்லிய நெளிவுப் பைப்பை அதிக அழுத்தம் கிழித்துவிடும். கழுவும் முன்னும் பின்னும் கேமரா விட்டு, அந்தக் காட்சிகளை உங்கள் போனுக்கு அனுப்பச் சொல்லுங்கள். தர மாட்டோம் என்றால் கையெழுத்துப் போடாதீர்கள்.