நியோவிமுக்குப் புதுசு. முதலில் எந்தெந்த பிளக்கின்களைப் போட வேண்டும்?

நியோவிம் என்ற கோட் எழுதும் எடிட்டரைப் போட்டு ஒரு வாரம் ஆகிறது, பைதானும் கொஞ்சம் ஜாவாஸ்கிரிப்டும் எழுதுகிறேன், பிளக்கின் என்ற கூடுதல் வசதிகளுக்கு ஆளுக்கொரு பட்டியல் தருகிறார்கள், யார் சொல்வதைக் கேட்பது என்று கேட்டிருக்கிறீர்கள். பட்டியல் கொடுத்தவர்களில் ஒருவராவது "இப்போதைக்கு ஒன்றும் போடாதே" என்றாரா? என்றிருக்க மாட்டார். அதை நான் சொல்கிறேன். இது பட்டுத் தெரிந்துகொண்டது.

நீங்கள் இங்கே எப்படி வந்து சேர்ந்தீர்கள் என்று ஊகிக்க முடிகிறது. ஏதோ ஒரு வீடியோவில் கருநீலத் திரை, இடது பக்கம் ஃபைல் மரம், அடியில் ரயில் பெட்டி மாதிரி வண்ண வண்ணமாக ஒரு பட்டை, அந்த ஆள் விரலை அசைப்பதற்குள் ஃபைல் திறக்கிறது. உடனே அவருடைய கான்ஃபிகை, அதாவது எடிட்டரின் அமைப்பு ஃபைல்களை, கோட் பகிரும் தளமான கிட்ஹப்பிலிருந்து அப்படியே இறக்கியிருப்பீர்கள். இல்லையென்றால் மன்னித்துக்கொள்ளுங்கள். நான் அதைத்தான் செய்தேன்.

மன்னார்குடியிலிருந்து உள்ளே தள்ளி எங்கள் ஊர். சென்னையில் உள்ள ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை. அப்போது என் எடிட்டரில் 47 பிளக்கின்கள் இருந்தன. அதில் பாதிக்குப் பெயர் தெரியும், வேலை தெரியாது. ஐப்பசி மழை. சாயங்காலம் ஐந்தே முக்கால். பில்லில் வரிக்கணக்கு தப்பாக வருகிறது, ஏழு மணிக்குள் சரிசெய்து அனுப்பு என்று மேனேஜர் மெசேஜ். எடிட்டரைத் திறந்தால் மூலையில் "14 அப்டேட் வந்திருக்கிறது" என்று நின்றது. எந்த நேரத்தில் கை அங்கே போனதோ, அழுத்திவிட்டேன்.

பாதியில் கரண்ட் போனது. 2018 நவம்பரில் கஜா அடித்துப் போன பிறகு அப்பா வாங்கிப் போட்ட இன்வெர்ட்டர் உண்டு, அதனால் லேப்டாப்பும் ரவுட்டரும் தப்பித்தன. ஆனால் தெருமுனையில் இருக்கிற இன்டர்நெட் பெட்டிக்கு இன்வெர்ட்டர் ஏது? நெட் அறுந்தது. மறுபடி எடிட்டரைத் திறந்தேன். பாதித் திரைக்குச் சிவப்பு. ஒரு பிளக்கின் புதிதாக இறங்கிவிட்டது, அது நம்பியிருந்த இன்னொன்று பழசாகவே நிற்கிறது. எந்த ஃபைலைத் திறந்தாலும் அதே சிவப்பு, என்டர் தட்டினால் இன்னொரு பக்கம் சிவப்பு.

போனைப் பாலிதீன் பையில் போட்டு, தாழ்வாரத்துக் கம்பியில் துணி கிளிப்பால் மாட்டி ஹாட்ஸ்பாட் போட்டேன். சிக்னல் ஒரு கோடு. பிளக்கின்களை மறுபடி இறக்க அது போதாது. 'கிளீன்' என்று ஒரு ஆப்ஷன் இருப்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. அதைக் கொடுத்துத் திறந்தால் நம் கான்ஃபிகையும் பிளக்கின்களையும் தொடாமல் வெறும் எடிட்டர் மட்டும் வரும். வந்தது. அதன் பிறகுதான் உண்மையான அவமானம். எனக்கு ஒரு ஃபைலைத் திறக்கத் தெரியவில்லை. ஸ்பேஸ் தட்டி இரண்டு எஃப் தட்டினால் ஃபைல் வரும், அவ்வளவுதான் என் அறிவு. வெறும் எடிட்டரில் கோலன் வைத்து ஆங்கில 'இ' போட்டு, பெயரில் நாலெழுத்து அடித்து டேப் தட்டினால் போதும் என்பது நாலு வருஷம் அதில் வேலை செய்தவனுக்குத் தெரியாது. திருத்த வேண்டியது மொத்தம் 11 வரி. முடித்து அனுப்பும்போது ஒன்பதே கால். "எடிட்டர் ரிப்பேரா?" என்று மட்டும் மேனேஜர் கேட்டார். திட்டியிருந்தாலாவது தேவலாம் என்று இருந்தது.

மறுநாள் கான்ஃபிக் ஃபோல்டரின் பெயரை மாற்றி ஓரமாக வைத்துவிட்டேன். தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் ஒரு கணக்கு. வெறும் எடிட்டரில் எது என்னைத் தடுக்கிறதோ அதை எழுதுவது, மறுபடி தடுத்தால் பக்கத்தில் ஒரு கோடு. மூன்று வாரத்தில் ஃபைல் தேடுவதற்கு நேரே கோடு வைக்க இடம் இல்லை. அதனால் எஃப்இசட்எஃப் வந்தது. அடைப்புக்குறி, மேற்கோள்குறி மாற்றுவதற்கு நிறையக் கோடு, சரவுண்ட் வந்தது. இந்த வரியை யார் எப்போது மாற்றினார்கள் என்று பார்க்க ஃபியூஜிட்டிவ். கோடே விழாதவை எவை தெரியுமா? ஃபைல் மரம், அடியில் இருந்த வண்ணப் பட்டை, திறந்தவுடன் வரும் அலங்கார முகப்பு. எதற்காக வீடியோவைப் பார்த்து மயங்கினேனோ அத்தனையும்.

இன்னொன்றும் அந்த மூன்று வாரத்தில் தெரிந்தது. பட்டியல்களில் உள்ள பலதும் இப்போது எடிட்டருக்குள்ளேயே இருக்கின்றன. நியோவிம் 2014-ல் விம் என்ற பழைய எடிட்டரிலிருந்து பிரிந்தது. 2021-ல் வந்த 0.5 பதிப்பிலேயே எல்எஸ்பி, அதாவது கோடில் தப்பைக் காட்டுகிற மொழி சர்வரோடு எடிட்டர் பேசும் ஏற்பாடு, உள்ளே வந்துவிட்டது. 2024-ல் வந்த 0.10-ல் வரிகளை கமென்ட் ஆக்கும் வசதி வந்தது, அதற்கென்று தனி பிளக்கின் தேவையில்லை. 2025-ல் வந்த 0.11-ல் எல்எஸ்பியை நாலைந்து வரியில் இணைத்துவிடலாம். பைதானுக்கு பைரைட் மாதிரி, மொழிக்கான சர்வரை மட்டும் நீங்கள் தனியாகப் போட்டுக்கொள்ள வேண்டும். 2020-ல் எழுதிய பட்டியலைப் பார்த்துப் போடுகிறவர், வீட்டில் குழாய் வந்த பிறகும் தெருப் பம்புக்குக் குடம் தூக்குகிறார்.

பிளக்கின்களை இறக்கி அப்டேட் செய்யும் பிளக்கின் மேனேஜரே கூட கட்டாயம் இல்லை. விம் 2016-ல் 8.0 வந்தபோதே 'பேக்' என்ற ஃபோல்டருக்குள் பிளக்கினை கிட் (கோட் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி) குளோன் செய்து போட்டால் தானாக எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு வந்துவிட்டது. நான் முதலில் வைத்திருந்த மேனேஜர் பேக்கர். 2023-ல் இனி பராமரிப்பு இல்லை என்று எழுதிவைத்துவிட்டார்கள். இப்போது லேசி வைத்திருக்கிறேன். அதில் லாக் ஃபைல் ஒன்று உண்டு, ஒவ்வொரு பிளக்கினும் எந்தக் கமிட்டில், அதாவது பதிந்த எந்த மாற்றத்தில், நிற்கிறது என்பது அதில் இருக்கும். தயவுசெய்து அதை கிட்டில் போட்டு வையுங்கள். அன்று நான் போட்டிருக்கவில்லை.

பிளக்கினை எப்படி எடைபோடுவது என்றால், எல்லோரும் முதலில் கிட்ஹப்பில் அதற்கு விழுந்த நட்சத்திரத்தைப் பார்க்கிறார்கள், அப்புறம் கடைசி கமிட் எப்போது என்று பார்க்கிறார்கள். கடைசி கமிட் ஏமாற்றும். டிம் போப் எழுதிய சரவுண்ட் மாதத்துக்கு ஒருதரம் மாறுகிற சரக்கு இல்லை. செத்துப்போய்விட்டது என்று அர்த்தமா? வேலை முடிந்துவிட்டது என்று அர்த்தம். நான் பார்ப்பது, இதைப் போட்டால் கூடவே எத்தனை பிளக்கின் வால் பிடித்துக்கொண்டு வருகிறது, இறக்கியபின் எதையாவது கம்பைல் செய்யச் சொல்கிறதா, கேட்காமல் நான் வேறு வேலைக்கு வைத்திருக்கும் கீபோர்டு கீக்களை எடுத்துக்கொள்கிறதா, ஹெல்ப் பக்கம் ஒழுங்காக எழுதியிருக்கிறார்களா. ஹெல்ப் பக்கம் நெட் இல்லாமலும் திறக்கும், எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அது பெரிய விஷயம். இன்னொன்று, பிளக்கின் என்பது உங்கள் கணக்கில், உங்கள் உரிமையோடு ஓடுகிற வேறு ஒருவருடைய கோட். சர்வருக்குள் நுழைய நீங்கள் வைத்திருக்கும் சாவி ஃபைல்கள் இருக்கிற ஃபோல்டரையும் அதனால் படிக்க முடியும்.

தமிழ் பற்றியும் ஒரு வார்த்தை. டெர்மினலில், அதாவது நியோவிம் ஓடுகிற கட்டளைத் திரையில், தமிழ் எழுத்து உடைகிறது, கர்சர் ஒரு இடத்தில் நின்றால் எழுத்து வேறு இடத்தில் விழுகிறது என்று பிளக்கின் தேடாதீர்கள். நான் மூன்று போட்டுப் பார்த்தேன். 'கொ' என்பதில் கொம்பு முன்னால், கால் பின்னால். அதற்கு எத்தனை கட்டம் ஒதுக்குவது என்று டெர்மினல் ஒரு கணக்கு போடுகிறது, ஃபான்ட் இன்னொரு கணக்கு போடுகிறது. இரண்டுக்கும் நடுவில் எடிட்டர் என்ன செய்யும்? டெர்மினலை மாற்றிப் பார்த்தால் கொஞ்சம் தேறும், முழுசாக அல்ல.

கணக்கு என்றதும் ஒரு ஆற்றாமை வருகிறது. வீட்டிலிருந்து வேலை என்றால் ஊரில் அதற்குப் பெயர் சும்மா இருப்பது. நவம்பர் பிறந்தால் சம்பாவுக்குப் பயிர்க் காப்பீடு. "தம்பி, செத்த வாயேன், ஒரே நிமிஷம்" என்று பெரியப்பா சிட்டா, அடங்கல், பாஸ்புக் எல்லாவற்றையும் மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு வருவார். ஓடிபி போகிற நம்பரோ திருப்பூரில் இருக்கிற அண்ணன் கையில். அவர் ஷிப்டில். அவர் போனை எடுப்பதற்குள் மூன்று ஓடிபி காலாவதி. ஒரு மணி நேரம் போகும். கடைசியில் பெரியப்பா அம்மாவிடம், "பெரிய கம்ப்யூட்டர்காரன்னு சொன்னே, இதுக்கு இவ்வளவு நேரமா?" என்பார். சொல்ல வந்தது அது இல்லை, விடுங்கள்.

விஎஸ் கோட் என்ற இன்னொரு எடிட்டரைப் போட்டால் இந்தத் தொல்லையே இல்லையே என்பவர்களுக்கு: சரிதான், போடுங்கள். தூரத்தில் இருக்கிற சர்வருக்குள் எஸ்எஸ்எச் என்ற இணைப்பு வழியாக நுழைந்து, சிக்னல் ஒரு கோட்டில் இருக்கும்போது திருத்த வேண்டியிருக்கிற ஆளுக்காக எழுதுகிறேன். 47 போட்டது உன் தப்பு, பிளக்கின் என்ன செய்யும் என்பவர்களுக்கு: ஆமாம், என் தப்பு. மேலே அதைத்தான் சொல்லியிருக்கிறேன்.

ஆகவே முதல் மாதம் வெறும் எடிட்டர், ஒரு தாள், ஒரு பேனா. நியோவிமில் 'டியூட்டர்' என்று கட்டளை கொடுத்தால் வரும் அரைமணிப் பாடத்தை இரண்டு தடவை முடியுங்கள். பைதானுக்கு எல்எஸ்பியை மட்டும் முதல் நாளே இணைத்துக்கொள்ளலாம், அதில் பிடிவாதம் வேண்டாம். அப்டேட்டை வெள்ளிக்கிழமை வேலை முடிந்த பிறகு, மழை இல்லாத நாளில் அழுத்துங்கள். இன்றைக்கு என்னிடம் இருப்பவை ஒன்பது. எட்டுக்குத் தாளில் கோடு உண்டு. ஒன்பதாவது அந்தக் கருநீலக் கலர் தீம்.