இடஒதுக்கீடு உரிமையா, அதிகாரமா? கேள்வி பதில்

கேள்வி: இடஒதுக்கீடு அடிப்படை உரிமை இல்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதே, அப்படியென்றால் என்ன சார்?

பதில்: கல்வியில் ஒதுக்கீட்டுக்கு வழி செய்யும் அரசியலமைப்பின் 15(4), அரசு வேலையில் வழி செய்யும் 16(4) பிரிவுகள் அரசுக்கு அதிகாரம் தருகின்றன, கட்டளையிடவில்லை. இந்த வேறுபாட்டை 1913-லேயே அமெரிக்கச் சட்ட அறிஞர் ஹோஃபெல்ட் பிரித்துக் காட்டினார்: ஒருவருக்கு உரிமை இருந்தால் எதிரே இன்னொருவருக்குக் கடமை இருக்கும், அதிகாரத்துக்கு அப்படி இல்லை. அதனால் 'புதிதாக ஒதுக்கீடு கொண்டு வா' என்று அரசுக்கு உத்தரவிடக் கோரி நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டால் பெரும்பாலும் தள்ளுபடிதான். ஆனால் சட்டமோ அரசாணையோ வந்துவிட்டால் அரசுக்குக் கடமை பிறக்கிறது. அதை நிறைவேற்றக் கோரலாம். இவ்வளவு முக்கியமானதை அரசின் விருப்பத்துக்கு விட்டிருக்கக் கூடாது என்பதே என் கருத்து.

கேள்வி: எங்கள் துறைத் தேர்வுப் பட்டியலில் இனச்சுழற்சி (எந்த இடம் எந்தப் பிரிவுக்கு என்ற வரிசை) தவறாகத் தெரிகிறது. என்ன செய்வது?

பதில்: முதலில் ஒன்றைப் பாருங்கள். பொதுப்பிரிவு கட்-ஆஃபைத் தாண்டிய பிசி, எம்பிசி, எஸ்சி தேர்வர்களைப் பொதுப்போட்டி இடங்களில் வைத்திருக்கிறார்களா, ஒதுக்கீட்டு இடங்களில் தள்ளியிருக்கிறார்களா? சலுகை ஏதும் பெறாமல் தகுதியில் வந்தவரை ஒதுக்கீட்டில் கணக்கிட்டால் அவர் பிரிவில் இன்னொருவர் இடம் இழக்கிறார். நிறையப் பட்டியல்கள் தவறுவது இங்கேதான். இனச்சுழற்சிப் பதிவேட்டின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். கூடவே துறைக்கு எழுத்தில் முறையீடு கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். பலனில்லை என்றால் அரசியலமைப்பின் 226-ஆம் பிரிவில் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். நியமனம் பெற்றவரை எதிர்மனுதாரராகச் சேர்க்காமல் விட்டால் மனு அங்கேயே விழும். தாமதமும் அப்படியே.

கேள்வி: எல்லோருக்கும் ஒரே விதி என்பதுதானே சமத்துவம்? ஒதுக்கீடு விதிவிலக்குதானே?

பதில்: 1951-இல் செண்பகம் துரைராஜன் வழக்கில் கல்லூரி இடங்களைச் சாதி, மத வாரியாகப் பிரித்த மதராஸ் மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணை இந்தப் பார்வையில்தான் செல்லாமல் போனது. அதே ஆண்டு முதல் திருத்தம் 15(4)-ஐச் சேர்த்தது. 1975-இல் என்.எம். தாமஸ் வழக்கில், கேரளத்தின் எஸ்சி, எஸ்டி எழுத்தர்களுக்கான துறைத் தேர்வுச் சலுகை பற்றி விசாரித்தபோது, பெரும்பான்மை நீதிபதிகள் இத்தகைய சலுகையைச் சமத்துவத்தை அடையும் வழியாகவே பார்த்தார்கள். விதிவிலக்கு என்றால் நீதிமன்றங்கள் அதைக் குறுக்கித்தான் படிக்கும். சமத்துவத்தின் பகுதி என்றால் ஒதுக்கீடு அல்லாத சலுகைகளும், அரசு வேலையில் சம வாய்ப்பு தரும் 16(1)-க்குள்ளேயே நிற்கும்.

கேள்வி: தமிழ்நாட்டின் 69 சதவீதம் பாதுகாப்பாக இருக்கிறதா?

பதில்: 1992-இல் மொத்த ஒதுக்கீட்டுக்கு உச்ச நீதிமன்றம் விதித்த 50 சதவீத வரம்புக்குப் பிறகு, தமிழ்நாட்டின் 69 சதவீதத்துக்கான 1993-ஆம் ஆண்டுச் சட்டத்தை 1994-இல் 76-ஆவது அரசியலமைப்புத் திருத்தம், வழக்குகளிலிருந்து சட்டங்களைக் காக்கும் ஒன்பதாவது அட்டவணையில் வைத்தது. ஆனால் அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை மாற்ற முடியாது என்று கேசவானந்த பாரதி தீர்ப்பு வந்த 24.4.1973-க்குப் பின் அங்கே சேர்ந்த சட்டங்களை அந்த அளவுகோலில் சோதிக்கலாம் என்று 2007-இல் தீர்ப்பு வந்தது. எனவே முழுக் கவசம் இல்லை.