கார்டைத் தூக்கிப் போடாதீர்கள், ஜம்பரைப் பாருங்கள்

கம்ப்யூட்டர் கேள்வி பதில்

இந்த முறை நிறையக் கடிதங்கள் பழைய 386, 486 பெட்டிகளைப் பற்றி வந்திருக்கின்றன. பரணிலிருந்து இறக்கி, தூசி தட்டி, மறுபடி ஓட வைக்கிறீர்கள். ரொம்ப சந்தோஷம். ஆனால் மாட்டிய கார்டு உடனே வேலை செய்யாவிட்டால் "இது போச்சு" என்று முடிவு கட்டிவிடுகிறீர்கள், அதுதான் மனதைக் கஷ்டப்படுத்துகிறது, ஏனென்றால் இந்தக் கார்டுகளை இனி யாரும் செய்யப் போவதில்லை. அதனால் இந்த இதழ் முழுக்க ஐஎஸ்ஏ கார்டுகளுக்கும் (அந்தக் காலத்து மதர்போர்டு ஸ்லாட்டில் மாட்டுகிறவை) அவற்றின் ஜம்பர்களுக்கும்தான் (கார்டின் பின்களில் மாட்டி அமைப்பை மாற்றுகிற சின்னத் தொப்பிகள்).

கேள்வி: என் 486இல் பழைய சவுண்டு கார்டு ஒன்றை மாட்டினேன். டாஸில் (விண்டோஸுக்கு முந்தைய ஆபரேட்டிங் சிஸ்டம்) கேம் தொடங்கும்போது அரை நொடி சத்தம் வருகிறது, அதே துணுக்கு திரும்பத் திரும்ப ஓடுகிறது, சில கேம்கள் அப்படியே உறைந்துவிடுகின்றன. கார்டு கெட்டுவிட்டதா?

பதில்: கெடவில்லை. அந்த அரை நொடி சத்தம்தான் அதற்குச் சாட்சி.

சவுண்டு கார்டுக்குத் தனக்கென்று மூன்று விஷயங்கள் வேண்டும். முதலாவது போர்ட் முகவரி: எந்த எண்ணில் கூப்பிட்டால் கார்டு "என்ன?" என்று கேட்கும் என்பது. இரண்டாவது ஐஆர்க்யூ: கார்டு தன் வேலையை முடித்ததும் ப்ராசஸரின் தோளைத் தட்டிக் கூப்பிடுகிற கம்பி. மூன்றாவது டிஎம்ஏ சேனல்: ப்ராசஸர் கை வைக்காமலே மெமரியிலிருந்து கார்டுக்குத் தரவு போகிற வழி. உங்கள் கேம் 220 என்ற முகவரியில் கூப்பிட்டது, கார்டு பதில் சொன்னது. டிஎம்ஏ வழியாக ஒரு துண்டு சத்தத்தை அனுப்பியது, அதுவும் ஸ்பீக்கர் வரை வந்துவிட்டது. "முடிந்தது, அடுத்த துண்டைக் கொடு" என்று கார்டு தட்டியது மட்டும் கேமுக்குக் கேட்கவில்லை. கார்டு 7ஆம் கம்பியில் தட்டுகிறது, கேம் 5ஆம் கம்பியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. புதுத் துண்டு வராததால் பழையதே சுற்றிச் சுற்றி ஓடுகிறது. அவ்வளவுதான் கோளாறு.

இதை ஒருமுறை புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது, ஏனென்றால் எது தப்பு என்பதை அறிகுறியே சொல்லிவிடும். "கார்டே இல்லை" என்று கேம் சொன்னால் முகவரியைப் பாருங்கள். துணுக்கு திரும்பத் திரும்ப வந்தால் ஐஆர்க்யூ. கார்டு இருக்கிறது என்கிறது, இசைகூட வருகிறது, ஆனால் பேச்சும் வெடிச்சத்தமும் மட்டும் வரவில்லை அல்லது கரகரக்கிறது என்றால் டிஎம்ஏ (இசை எஃப்எம் சிப்பிலிருந்து வருவதால் அதற்கு டிஎம்ஏ தேவையில்லை).

சரி, எந்த ஐஆர்க்யூ காலியாக இருக்கும்? 1981இல் வந்த ஐபிஎம் பிசியில் மொத்தமே 8 கம்பிகள். 1984இல் ஐபிஎம்மின் ஏடி மாடல் வந்தபோது இரண்டாவது கன்ட்ரோலர் சிப் சேர்ந்து 16 ஆனது, ஆனால் அந்த இரண்டாவது சிப்பை முதலாவதோடு இணைக்கவே 2ஆம் கம்பி போய்விட்டது. 0 டைமருக்கு, 1 கீபோர்டுக்கு. 3 காம்2க்கு, 4 காம்1க்கு (மவுஸ், மோடம் மாட்டுகிற சீரியல் போர்ட்டுகள்). 6 ஃபிளாப்பிக்கு, 7 பிரிண்டர் போர்ட்டுக்கு. 8 கடிகாரத்துக்கு, 12 பிஎஸ்/2 மவுஸுக்கு, 13 கணக்குச் சிப்புக்கு, 14உம் 15உம் ஐடிஇ ஹார்டு டிஸ்குகளுக்கு. மிச்சம் 5, 9, 10, 11. இவற்றில் உங்கள் கேம் பார்ப்பதும் 5 என்பதால் அதுதான் சவுண்டு கார்டுக்கு நல்ல இடம். தொடக்க கால சவுண்டு பிளாஸ்டர்கள் (கிரியேட்டிவ் நிறுவனத்தின் சவுண்டு கார்டுகள்) 7இல் வைக்கப்பட்டு வந்தன. டாஸில் பிரிண்ட் எடுப்பது பெரும்பாலும் அந்தக் கம்பியைப் பயன்படுத்துவதே இல்லை என்பதால் அதுவும் ஓடிவிடும்.

இப்போது செய்ய வேண்டியது: ஜம்பரை 5க்கு மாற்றுங்கள், அல்லது ஜம்பரைத் தொடாமல் கேமின் செட்டப்பில் 7 என்று சொல்லுங்கள். எதைச் செய்தாலும் டாஸ் தொடங்கும்போது படிக்கிற ஆட்டோஎக்ஸெக் ஃைலில் உள்ள "பிளாஸ்டர்" வரியையும் அதற்கேற்ப மாற்றுங்கள். நிறையக் கேம்கள் கார்டைக் கேட்பதில்லை, அந்த வரியைத்தான் படிக்கின்றன. ஜம்பர் ஒன்று சொல்ல அந்த வரி வேறொன்று சொன்னால் நாள் முழுக்க உட்கார்ந்தாலும் சரியாகாது.

கேள்வி: கையேடு இல்லாத நெட்வொர்க் கார்டு ஒன்று கிடைத்தது. எட்டு ஜம்பர்கள் இருக்கின்றன, எது எதற்கு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: ஒரு ஜம்பரைக்கூட அசைக்கும் முன் கார்டின் இரண்டு பக்கத்தையும் படம் எடுங்கள். கூடவே ஒரு தாளில் ஜேபி1 (ஜம்பருக்குப் பக்கத்தில் அச்சிட்ட பெயர்) எங்கே மாட்டியிருக்கிறது, ஜேபி2 எங்கே என்று எழுதி அந்தப் பெட்டியிலேயே ஒட்டி வையுங்கள். படம் மங்கலாக வந்ததை ஒரு வாரம் கழித்துத்தான் பார்ப்பீர்கள், அதனால் தாளும் வேண்டும்.

அப்புறம் கார்டையே படியுங்கள். பல கார்டுகளில் பின்களின் பக்கத்திலேயே வெள்ளை மையில் எண் அச்சிட்டிருக்கும். 3, 4, 5, 7 என்று வரிசையாக இருந்தால் அது ஐஆர்க்யூ, ஒன்றில் மட்டும்தான் தொப்பி இருக்க வேண்டும். 300, 320, 340 என்றிருந்தால் முகவரி. வெறும் ஜேபி எண் மட்டும் இருந்தால், கார்டின் பின்புறம் உள்ள எஃப்சிசி (அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம்) எண்ணை வைத்துத் தயாரித்தவரைக் கண்டுபிடிக்கலாம். டோட்டல் ஹார்டுவேர் 99 என்ற பழைய தொகுப்பில் ஆயிரக்கணக்கான கார்டுகளின் ஜம்பர் படங்கள் இருக்கின்றன, உங்களுடையது அதில் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. பின் வரிசையில் எது 1 என்று குழப்பம் வந்தால் கார்டைத் திருப்பிப் பாருங்கள், சாலிடர் புள்ளிகளில் சதுரமாக இருப்பது வழக்கமாக 1.

ஜம்பருக்குப் பதில் சின்ன டிப் சுவிட்சுகள் இருந்தால் பயப்படாதீர்கள், அது வெறும் கூட்டல் கணக்கு. ஐந்து சுவிட்சு என்றால் பெரும்பாலும் அவற்றின் மதிப்பு 200, 100, 80, 40, 20. எல்லாம் ஹெக்ஸ் எண்கள் (பத்துக்குப் பதில் பதினாறை அடிப்படையாகக் கொண்டவை, 9க்கு அடுத்து ஏ முதல் எஃப் வரை வரும்). 300 வேண்டுமென்றால் 200உம் 100உம். 340 வேண்டுமென்றால் அவற்றோடு 40உம். இதில் எல்லோரும் இடறுகிற ஒரு இடம் உண்டு: பெரும்பாலான கார்டுகளில் சுவிட்சு "ஆன்" என்றால் 0, "ஆஃப்" என்றால்தான் 1. ஏனென்றால் ஆன் செய்யும்போது அந்தக் கம்பி கிரவுண்டோடு சேர்ந்துவிடுகிறது. ஆகவே 300க்கு முதல் இரண்டும் ஆஃப், மற்ற மூன்றும் ஆன்.

முகவரியைத் தேர்ந்தெடுக்கும்போது இன்னொன்று. நீங்கள் சொல்வது தொடக்க எண் மட்டும்தான், கார்டு அங்கிருந்து ஒரு நீளத்தை எடுத்துக்கொள்ளும். என்இ2000 வகை நெட்வொர்க் கார்டுகள் 32 எண்களை எடுக்கும். 360இல் வைத்தால் 37எஃப் வரை போய், 378இல் இருக்கிற பிரிண்டர் போர்ட்டின் மேல் ஏறி உட்காரும். 260இல் வைத்தால் 278இல் உள்ள இரண்டாவது பிரிண்டர் போர்ட்டுக்கு அதே கதி. 300 பெரும்பாலும் பாதுகாப்பானது.

இதே வகைக் கார்டு ஒன்றை நான் இரண்டு வருடம் "கெட்டது" என்று எழுதி டப்பாவில் போட்டு வைத்திருந்தேன். டிரைவர் ஏறும், நெட்வொர்க்கில் ஒரு வார்த்தை போகாது. ஒருநாள் வேறு வேலையாக எடுத்துப் பார்த்தால் ஐஆர்க்யூ 3இல் இருக்கிறது. அந்த வகைக் கார்டுகளுக்கு அதுதான் வழக்கமான இடம். மதர்போர்டில் காம்2 அதே 3இல் விழித்துக்கொண்டிருந்தது. ஜம்பரை 10க்கு மாற்றினேன், அன்றே ஓடியது, இன்றும் ஓடுகிறது. உங்கள் டப்பாவிலும் அப்படி ஒன்று கிடக்கலாம், தயவுசெய்து போய்ப் பாருங்கள்.

பெட்டியைத் திறந்தபோதே மதர்போர்டில் கீபோர்டு இணைப்புக்குப் பக்கத்தில் உருளையாக ஒரு பேட்டரி சாலிடர் செய்யப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால் முதலில் அதை எடுத்துவிடுங்கள். ஜம்பரெல்லாம் அப்புறம்.

கேள்வி: மோடத்தில் டயல் செய்தவுடன் மவுஸ் நின்றுவிடுகிறது. மோடம் காம்3, மவுஸ் காம்1.

பதில்: காம்1உம் காம்3உம் முகவரியில் வேறு வேறு (3எஃப்8, 3இ8), ஆனால் இரண்டும் ஐஆர்க்யூ 4. காம்2, காம்4 இரண்டும் 3. ஐஎஸ்ஏவில் ஒரு கம்பியை இரண்டு கார்டு பகிர்ந்துகொள்ள முடியாது, ஒன்று கம்பியைப் பிடித்து வைத்திருக்கும்போது மற்றது தட்டினால் அது யாருக்கும் கேட்காது. ஐஎஸ்ஏவுக்குப் பின் வந்த பிசிஐ கார்டுகள் பகிர்கின்றனவே என்பீர்கள், அவை சிக்னல் கொடுக்கும் முறையே வேறு. மோடத்தில் 5 என்ற ஜம்பர் இருந்தால் அங்கே மாற்றி, மென்பொருளிலும் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் மதர்போர்டின் காம்2வை பயாஸில் (கம்ப்யூட்டர் தொடங்கும்போது திறக்கிற அமைப்பு மெனு) அணைத்துவிட்டு மோடத்தைக் காம்2 ஆக்குங்கள். காம்4க்கு மட்டும் போகாதீர்கள். எஸ்3 சிப் உள்ள வீடியோ கார்டுகள் 2இ8 என்று முடியும் பெரிய முகவரிகளைப் பயன்படுத்துகின்றன, பழைய மோடம் முகவரியின் கடைசி 10 பிட்டை மட்டும் பார்ப்பதால் அது தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொள்ளும்.

கேள்வி: 8 பிட் கார்டில் ஐஆர்க்யூ 2 என்ற ஜம்பர் இருக்கிறது. 2 ஏற்கனவே போய்விட்டது என்கிறார்களே, போடலாமா?

பதில்: போடலாம். ஏடி வகை மதர்போர்டில் ஸ்லாட்டின் அந்தப் பின் 9ஆம் கம்பிக்குத் திருப்பி விடப்பட்டிருக்கிறது, மென்பொருளில் 9 என்று சொல்லுங்கள், பழைய மென்பொருள் என்றால் 2 என்றே கேட்கும். சில விஜிஏ வீடியோ கார்டுகளிலும் இதே கம்பிக்கு ஒரு ஜம்பர் உண்டு, அதை எடுத்துவிடுங்கள். 10உம் அதற்கு மேற்பட்டவையும் 8 பிட் கார்டுக்கு எட்டவே எட்டாது, அந்தக் கம்பிகள் ஸ்லாட்டின் நீட்டிப்புப் பகுதியில் இருக்கின்றன.

கேள்வி: ஹார்டு டிஸ்கை இணைக்கிற ஸ்கசி கார்டும் சவுண்டு கார்டும் தனித்தனியே ஓடுகின்றன. சேர்த்து மாட்டினால் ஹார்டு டிஸ்க் தெரியவில்லை.

பதில்: உங்கள் ஸ்கசி கார்டு அடாப்டெக் 1542 என்று எழுதியிருக்கிறீர்கள். அது தொழிற்சாலையிலிருந்து வரும்போதே 330இல் இருக்கும். சவுண்டு கார்டின் மிடி போர்ட்டும் (மின்னணு இசைக்கருவிகளை இணைப்பது) வழக்கமாக 330. இரண்டில் ஒன்றை நகர்த்துங்கள், மிடியை 300க்குக் கொண்டுபோவது எளிது, அங்கே நெட்வொர்க் கார்டு இல்லாதவரை. ஸ்கசி கார்டு டிஎம்ஏ 5உம் எடுத்துக்கொள்ளும், 16 பிட் சவுண்டு கார்டும் 5ஐத்தான் கேட்கும், அதில் ஒன்றை 6க்கோ 7க்கோ மாற்றுங்கள். இரண்டு மோதலையும் சேர்த்துச் சரிசெய்யாமல் பெட்டியை மூடாதீர்கள்.

கேள்வி: ஜம்பரே இல்லாத சவுண்டு கார்டு. விண்டோஸ் 95இல் ஓடுகிறது, வெறும் டாஸில் பூட் செய்தால் இல்லவே இல்லை.

பதில்: அது பிளக் அண்டு பிளே கார்டு, 1993இல் வந்த வரையறை. முகவரியை யாராவது சொல்லும்வரை அது வாயைத் திறக்காது. விண்டோஸ் 95 சொல்லிவிடுகிறது, டாஸுக்குச் சொல்லத் தெரியாது. பயாஸில் "பிஎன்பி ஓஎஸ் இன்ஸ்டால்டு" என்பதை "நோ" என்று வையுங்கள், சில போர்டுகளில் அதுவே போதும். போதவில்லை என்றால் கார்டோடு வந்த கான்ஃபிகரேஷன் நிரலை டாஸ் தொடக்க ஃபைலில் சேர்க்க வேண்டும், கிரியேட்டிவ் கார்டுக்கு அதன் பெயர் சிடிசிஎம்.

அதே பெட்டியில் ஜம்பர் வைத்த கார்டும் இருந்தால் பயாஸின் பிசிஐ பிஎன்பி பக்கத்துக்குப் போய், அந்தக் கார்டின் ஐஆர்க்யூவை "லெகசி ஐஎஸ்ஏ" என்று ஒதுக்கிவிடுங்கள். இல்லையென்றால் பயாஸ் அதைக் காலி என்று நினைத்து ஏதாவது பிசிஐ கார்டுக்குக் கொடுத்துவிடும். நேற்று வரை ஓடியது இன்று ஓடவில்லை என்று வருகிற கடிதங்களில் நிறைய இதுதான்.

கேள்வி: டாஸில் கம்ப்யூட்டரின் பாகங்களைப் பட்டியலிடுகிற எம்எஸ்டி நிரல் ஐஆர்க்யூ 5 காலி என்று காட்டுகிறது. நம்பலாமா?

பதில்: முழுதாக நம்பாதீர்கள். டிரைவர் ஏறாத கார்டு அந்தப் பட்டியலில் தெரியாது. எல்லாக் கார்டையும் கழற்றி, வீடியோ கார்டு மட்டும் வைத்துத் தொடங்கி, ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பாருங்கள். மாற்ற முடியாத கார்டு முதலில், நிறைய ஜம்பர் உள்ளது கடைசியில். ஒவ்வொரு முறையும் கரண்டை அணைத்துவிட்டு, பெட்டியின் உலோகத்தை ஒருமுறை தொட்டுவிட்டுக் கை வையுங்கள். தேவைப்படாத தொப்பியை எடுத்துத் தனியே வைக்காமல் ஒரே ஒரு பின்னில் தொங்க விடுங்கள், கார்டோடே இருக்கும்.