பேக்கப் டிஸ்கை ஊட்டியில் சொந்தக்காரர் வீட்டில் வைத்தால் போதுமா?

குன்னூரில் சிறிய அலுவலகம், பேக்கப் ஹார்டு டிஸ்க் அங்கேயே பீரோவில் இருக்கிறது, மண்சரிவுக்குப் பயந்து இன்னொரு பிரதியை ஊட்டியில் சொந்தக்காரர் வீட்டில் வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஊட்டி போதாது. நான் பட்டதைச் சொன்னால் ஏன் என்று புரியும்.

நான் கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை, பி.காம். குன்னூரிலிருந்து கோத்தகிரி போகும் வழியில் ஒரு தேயிலை ஃபேக்டரியில் இருபது வருடத்துக்கு மேலாகக் கணக்கு பார்க்கிறேன். சொந்தத் தோட்டம் கிடையாது, சிறு விவசாயிகளிடம் பச்சை இலை வாங்கி அரைக்கிற ஃபேக்டரி. முந்நூறு பேருக்கு மேல் இலை போடுகிறார்கள். யார் எத்தனை கிலோ, ஈரத்துக்கு எவ்வளவு கழிவு, உரத்துக்கு வாங்கிய அட்வான்ஸ் எவ்வளவு, எல்லாம் கம்ப்யூட்டரில்தான். ஒரு மாத இலைக்கு அடுத்த மாதம்தான் பணம். அதனால் எந்த நாளில் அந்தப் பெட்டி போனாலும் ஒரு மாதத்துக்கு மேல் இலைக்காசு அதோடு போகும். அது ஃபேக்டரியின் காசு இல்லை, ஊர்க்காரர்களின் காசு.

2009 நவம்பர். 10-ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில், குன்னூருக்கும் ஊட்டிக்கும் நடுவில் இருக்கிற கேத்தியில் 82 செ.மீ. மழை. சென்னைக்கு வருடம் முழுக்கக் கிடைப்பதே சுமார் 140 செ.மீ. தான். மாவட்டத்தில் நாற்பது பேருக்கு மேல் இறந்தார்கள். எங்கள் அலுவலகத்துக்குப் பின்னால் இருந்த சரிவு ராத்திரியில் விட்டுவிட்டது. விடிந்து போய்ப் பார்த்தால் ஜன்னல் உயரத்துக்குச் சேறு. கம்ப்யூட்டர் அதற்குள். பேக்கப் டிஸ்க் மேஜை இழுப்பறையில், அதுவும் அதற்குள். நான் பேக்கப் எடுக்காதவன் இல்லை. தினமும் சாயங்காலம் எடுத்தேன். இரண்டாவது பிரதி முதலாளி பங்களாவில் இருந்தது. அது ஃபேக்டரியிலிருந்து இருநூறு மீட்டர் கீழே. எங்கள் சரிவின் தண்ணீர் நேராக அங்கேதான் இறங்கியது.

அப்புறம் நான் செய்ததுதான் பெரிய தப்பு. இழுப்பறை டிஸ்கைத் தோண்டி எடுத்து, கழுவி, கரண்ட் வேறு இல்லாததால் குமுட்டி அடுப்புப் பக்கத்தில் வைத்து இரண்டு நாள் காயவைத்தேன். கரண்ட் வந்ததும் செருகினேன். கரகரவென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். உள்ளே காய்ந்துபோன மண், டேட்டா பதிகிற தட்டைக் கீறிவிட்டது என்று கோவையில் திறந்து பார்த்தவர் சொன்னார். நனைந்த டிஸ்கைக் காயவைக்கக் கூடாது, கரண்ட் கொடுக்கவே கூடாது. ஈரத்தோடு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் காற்று புகாமல் மூடி டேட்டா மீட்பவரிடம் கொடுக்க வேண்டும். இது அன்றைக்கு எனக்குத் தெரியாது. நீங்கள் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

மீண்டது இரண்டு விஷயம். ஒன்று, கோவை ஆடிட்டரிடம் ஆடிட்டுக்காகக் கொடுத்திருந்த டேலி (கணக்கு சாஃப்ட்வேர்) பிரதி, மார்ச் மாதம் வரைக்கும். இன்னொன்று, விவசாயிகளின் கையில் இருந்த இலை நோட்டு. எடை போடும்போது நாங்களே எழுதிக் கொடுப்பது. ஊர் ஊராகப் போய் உட்கார்ந்து நோட்டைப் பார்த்து எழுதினேன், பதினேழு நாள். ஒரு பாட்டி அரிசி டின்னுக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்து, "நிதானமா எழுதிக்கோ தம்பி, ஒரு கிலோகூட விட்டுடாதே" என்றார். எல்லா நோட்டும் ஒரே இடத்தில் இருந்திருந்தால் அதுவும் போயிருக்கும். முந்நூறு வீட்டில் இருந்ததால் தப்பியது.

ஒருவருக்கு மட்டும் வீடே சரிந்து நோட்டும் போய்விட்டது. அக்டோபரில் 640 கிலோ போட்டேன் என்றார். அவ்வளவு இருக்காது என்று முதலாளி சொல்லிவிட்டார். என்னிடம் ஆதாரம் இல்லை, பேசாமல் 450 கிலோவுக்குப் பணம் போட்டேன். பிப்ரவரியில் இலை ஏற்றிவந்த வண்டி டிரைவரின் பழைய டிரிப் ஷீட் கட்டு ஒன்று கிடைத்தது. கூட்டிப் பார்த்தால் 638. மீதியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். ஆனால் அதற்குப் பிறகு எங்களுக்கு இலை போடவில்லை.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஊட்டி இங்கிருந்து எத்தனை கிலோமீட்டர் என்பது பிரச்சினை இல்லை. அதே மழை, அதே ரோடு, அதே கரண்ட் லைன் என்பதுதான் பிரச்சினை. 2009-இல் குன்னூர்-ஊட்டி ரோடு, மேட்டுப்பாளையம் ரோடு, கோத்தகிரி ரோடு எல்லாமே பல இடத்தில் துண்டாகின. ரயிலும் நின்றது. ஊட்டி டிஸ்க் பத்திரமாகவே இருந்தாலும் உங்கள் கைக்கு வந்திருக்காது. கூடலூரில் வைக்கலாமே, அங்கே ஐப்பசி மழை குறைவு என்று ஒருவர் சொல்வார். உண்மைதான், வடகிழக்குப் பருவமழை கிழக்குச் சரிவைத்தான் அடிக்கும். ஆனால் மேற்குப் பக்கம் தென்மேற்கின் கையில். 2019 ஆகஸ்டில் அந்தப் பக்கத்து அவலாஞ்சியில் ஒரே நாளில் 91 செ.மீ. பெய்தது. பிரதி மலையை விட்டே இறங்க வேண்டும்.

இரண்டு டிஸ்க் வைத்திருக்கிறோம். ஒன்று மேலே, ஒன்று கோவையில் முதலாளியின் மகள் வீட்டு மாடியில். தரைத்தளம் வேண்டாம் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். வாரம் ஒரு முறை தூள் ஏற்றிப்போகும் லாரியில் மேல் டிஸ்க் போகும், போய்ச் சேர்ந்தது என்று ஃபோன் வந்த பிறகுதான் கீழ் டிஸ்க் கிளம்பும். இரண்டும் ஒரே நாளில் மலையில் இருக்கவே கூடாது. டிஸ்க் முழுக்கப் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டியது, லாரியில் தொலைந்தாலும் யாரும் படிக்க முடியாது. அந்தப் பாஸ்வேர்டை எழுதிய காகிதம் அலுவலக மேஜையிலேயே இருந்தால் பிரயோசனம் இல்லை, அதுவும் கோவையில் இருக்கிறது. இலைக்கணக்கு சாஃப்ட்வேரின் இன்ஸ்டாலரும் லைசென்ஸும் கூட. எங்களுக்கு அதை எழுதிக் கொடுத்தவர் 2009-இல் வெளிநாடு போய்விட்டார். டேட்டா கிடைத்திருந்தால்கூடத் திறக்க வழி இருந்திருக்காது.

எல்லாவற்றையும் கிளவுடில் போட்டால் முடிந்தது, இவ்வளவு நீட்டி எழுத வேண்டுமா என்று கமெண்ட் வரும். கிளவுடிலும் போடுகிறோம். தினமும் ராத்திரி, அன்றைக்கு மாறியது மட்டும், மும்பையில் இருக்கிற சர்வருக்கு. ஆனால் அடைமழையில் நெட் நாலு நாள் இல்லாமல் இருப்பது இங்கே சாதாரணம். லாரி போகாத வாரம் கிளவுட், நெட் இல்லாத நாள் டிஸ்க். இன்னொன்று, ஃபோல்டரை அப்படியே ஒத்திசைக்கிற வசதியைப் பேக்கப் என்று நினைக்காதீர்கள். இங்கே தப்பாக அழித்தால் அங்கேயும் அழியும். பழைய பதிப்புகளைக் குறைந்தது ஒரு மாதம் வைத்திருக்கிற சேவையாகப் பாருங்கள்.

ஊர்க் கணக்கை வேறு இடத்தில் வைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஜப்பானைப் பாருங்கள். 2011 சுனாமியில் மினாமிசன்ரிகு உட்பட நான்கு ஊர்களில் குடும்பப் பதிவேடுகள் அலுவலகத்தோடு போயின. பிரதி வேறு துறையின் அலுவலகத்தில் தனியாக இருந்ததால் மறுபடி உருவாக்கினார்கள்.

பீரோவுக்குப் பதில் தீ தாங்கும் பெட்டி வாங்கவும் யோசித்திருப்பீர்கள். காகிதத்துக்கென்று விற்கிற பெட்டியில் உள்ளே 177 டிகிரி வரை போகலாம் என்பது கணக்கு. டிஸ்குக்கு 52 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. டிஸ்குக்கென்றே தனிப் பெட்டி உண்டு. எதுவானாலும் சேற்றுக்கு அது பதில் இல்லை.

ஊர்க்காரர்களின் இலைக்காசு என்று சொல்லிவிட்டு, பேக்கப்புக்கு வெளியே இருக்கிற இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நாலு கிலோவுக்கு மேல் பச்சை இலை போனால்தான் ஒரு கிலோ தூள். கடையில் தூள் என்ன விலை, இலை போட்டவர் கையில் என்ன வருகிறது என்று யாராவது பார்க்கிறார்களா? 2023-இல் கிலோவுக்கு 33.50 ரூபாய் கேட்டு இங்கே உண்ணாவிரதம் இருந்தார்கள். கீழே எத்தனை பேருக்கு அது தெரியும்? நான் ஃபேக்டரி பக்கம் உட்கார்ந்துகொண்டு பேசுகிறேன் என்பீர்கள். கணக்கை எழுதுகிறவன் நான், அதனால்தான் பேசுகிறேன்.

கடைசியாக ஒன்று. பேக்கப் எடுப்பதோடு விடாதீர்கள், திறந்து பாருங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை கோவைக்குப் போய், அங்கே வைத்திருக்கிற பழைய லேப்டாப்பில் புதிதாக ஏற்றி, பத்து விவசாயிகளின் மாதக் கூட்டலை அவர்கள் நோட்டோடு ஒப்பிடுகிறேன். போன முறை ஒன்பது சரியாக இருந்தது. பத்தாவதில் இரண்டு நாள் எடை ஏறவே இல்லை. வந்து தேடினால், அந்த இரண்டு நாளும் பேக்கப் ஓடும் நேரத்துக்கு முன்பே யாரோ மெயின் ஸ்விட்சை அணைத்திருக்கிறார்கள்; அந்தப் பத்துப் பேரில் அன்றைக்கு இலை போட்டவர் இவர் மட்டும்தான். இப்போது பேக்கப் முடிந்ததும் என் ஃபோனுக்கு மெசேஜ் வருகிறது. வராத ராத்திரியில் எழுந்து போய்ப் பார்க்கிறேன்.