கடையில் கிடைக்காத அளவு

கேள்வி: நான் கும்பகோணத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை, வயது 63. பள்ளி நாட்களில் கன்னியாஸ்திரீகளிடம் கற்றுக்கொண்ட குரோஷாப் பின்னலை ஓய்வுக்குப் பிறகு மீண்டும் கையில் எடுத்தேன். ஓராண்டு உழைத்து, பச்சிளங்குழந்தைகளுக்காக உல்லன் நூலில் 60 தொப்பிகள் பின்னினேன். ஒவ்வொன்றின் உச்சியிலும் குஞ்சம் வைத்து, முன்புறம் முத்து மணி தைத்து, பீரோவில் அந்துருண்டை போட்டுப் பத்திரப்படுத்தி, எல்லாம் முடிந்தபின் ஒரு மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அன்போடுதான் வாங்கிக்கொண்டார்கள். நான்கு மாதம் கழித்து, உறவினர் வீட்டுக் குழந்தையைப் பார்க்கப் போனபோது, நான் கட்டிக் கொடுத்த பை முடிச்சுக்கூட அவிழாமல் அலமாரியின் மேல்தட்டில் இருந்தது. அன்று இரவு தூக்கமே வரவில்லை. "நூல் வாங்கிய காசுக்குத் திருப்பூரில் நூறு தொப்பி வாங்கிக் கொடுத்திருக்கலாமே, அம்மா" என்கிறாள் மகள். நான் பின்னுவதை விட்டுவிட வேண்டுமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

விட்டுவிட வேண்டாம். ஆனால் அந்தப் பை ஏன் அவிழ்க்கப்படவில்லை என்பதற்கான காரணங்கள் உங்கள் கடிதத்திலேயே இருக்கின்றன. அவற்றைச் சொன்னால் உங்கள் மனம் இன்னும் கொஞ்சம் வருந்தும் என்று தெரிந்தும் சொல்கிறேன். ஏனெனில், அடுத்த 60 தொப்பிகளுக்கு இந்தக் கதி வரக்கூடாது. அந்தச் செவிலியர்கள் உங்கள் உழைப்பை அலட்சியப்படுத்தியதாக நினைக்காதீர்கள். முகத்துக்கு நேரே மறுக்க மனம் வராமல் வாங்கி வைத்திருப்பார்கள்.

பல ஆண்டுகளுக்கு முன் நானும் ஒரு பை நிறையக் குழந்தைக் காலுறைகளோடு ஒரு மருத்துவமனைக்குப் போனவள்தான். அங்கிருந்த மூத்த செவிலியர் ஒன்றும் பேசாமல் ஒரு காலுறையை எடுத்து, உட்புறம் வெளியே தெரியும்படி புரட்டினார். பிறகு தன் சுண்டுவிரலை அதன் மேல் வைத்து இரண்டு முறை திருகினார். நூலின் நிறம் மாற்றிய இடத்தில் நான் கோத்து மறைக்காமல் விட்டிருந்த முனை, அவர் விரலைச் சுற்றி இறுகிக்கொண்டது. "குழந்தையின் கால்விரல் இதில் பாதிகூட இருக்காது அம்மா. சுற்றிக்கொண்டால் அதற்குச் சொல்லத் தெரியாது, அழத்தான் தெரியும். நாங்கள் பசி என்று நினைத்துக்கொள்வோம்" என்றார். நூலோ தலைமுடியோ குழந்தையின் விரலில் சுற்றி இரத்த ஓட்டத்தை நிறுத்திவிடுவதும், கவனிக்கத் தவறினால் விரலையே இழக்க நேர்வதும் மருத்துவர்கள் அறிந்த ஆபத்து என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. அன்றிலிருந்து, எதைப் பின்னினாலும் அதன் உட்புறத்தைப் பார்த்த பிறகே வெளிப்புறத்தைப் பார்க்கிறேன்.

உங்கள் கடிதத்தில் என்னை முதலில் திடுக்கிட வைத்தது அந்துருண்டை. உல்லன் துணியோடு அந்துருண்டை போடுவது நம் வீடுகளில் தலைமுறைப் பழக்கம். ஆனால் நாப்தலீன் கலந்த உருண்டையோடு இருந்த துணி பச்சிளங்குழந்தைக்கு ஆகாது. ஜி6பிடி என்னும் நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகளுக்கு, அந்த வாடை பட்டாலே இரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து கடுமையான மஞ்சள் காமாலை வரக்கூடும். எந்தக் குழந்தைக்கு அந்தக் குறைபாடு இருக்கிறது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது. எனவே, பையைத் திறக்கும் முன்பே வாடையை உணர்ந்த ஒரு செவிலியர் அதை மேல்தட்டில் வைத்துவிட்டிருந்தால், அவர் தன் கடமையைச் செய்திருக்கிறார் என்றே கொள்ள வேண்டும். இதில் வருத்தமான செய்தி ஒன்றும் உண்டு. உல்லன் என்ற பெயரில் நம் ஊர்க் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் அக்ரிலிக் என்னும் செயற்கை இழைதான். ஆட்டு ரோமத்தை அரிக்கும் பூச்சி அக்ரிலிக்கையும் பருத்தியையும் உணவாகக் கொள்வதில்லை. மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் டப்பா போதுமானதாக இருந்திருக்கும்.

குஞ்சத்தையும் முத்து மணியையும் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பிய்ந்து வாய்க்குள் போகக்கூடிய எதுவும் குழந்தையின் உடையில் இருக்கக்கூடாது. உச்சியில் குஞ்சம் இருந்தால் மல்லாந்து படுக்கும் குழந்தைக்குத் தொப்பி விலகி முகத்தின்மேல் இறங்கிவிடும். நாடா, ரிப்பன், பொத்தான் எல்லாவற்றுக்கும் இதே விதிதான்.

இனி அளவுக்கு வருவோம். உங்கள் மகளுக்கான பதிலும் இங்கேதான் இருக்கிறது. 60 தொப்பிகளும் ஒரே அளவா என்பதை நீங்கள் எழுதவில்லை. பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். ஒரு முறை கண்களின், அதாவது பின்னல் வளையங்களின், எண்ணிக்கை கைக்கு வந்துவிட்டால் அதையே திரும்பத் திரும்பப் பின்னுவது நம் எல்லாருடைய வழக்கம். நிறைமாதத்தில் பிறக்கும் குழந்தையின் தலைச் சுற்றளவு சுமார் 33 முதல் 35 சென்டிமீட்டர். அந்த அளவுக்குத் திருப்பூர் பனியன் துணித் தொப்பி எந்தக் கடையிலும் கிடைக்கிறது. விலையும் குறைவு, துவைக்கவும் எளிது. அதில் உங்கள் மகள் சொல்வது முழுக்க நியாயம். ஆனால் 32 வாரத்தில் பிறந்த குழந்தையின் தலை ஏறக்குறைய 29 சென்டிமீட்டர்தான் இருக்கும். 28 வாரத்துக் குழந்தைக்கு 25 அல்லது 26. ஓர் ஆரஞ்சுப் பழத்தைவிடச் சற்றே பெரியது. அந்த அளவுத் தொப்பியை ஜவுளிக்கடையில் கேட்டுப் பாருங்கள், பொம்மைக்கா என்று கேட்பார்கள். கடைத் தொப்பி அந்தத் தலையில் நிற்காமல் கண்ணை மூடி மூக்குவரை வந்துவிடும். ஆயிரக்கணக்கில் ஒரே அளவை வெட்டித் தைக்கும் தொழிற்சாலைக்கு இந்தத் தலைகள் கணக்கில் வராது. உங்கள் ஊசிக்கு வரும்.

அந்தத் தலைக்குத் தொப்பி அலங்காரமும் அல்ல. பிறந்த குழந்தையின் உடல் வெப்பம் 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். எடை குறைந்த குழந்தையின் தோலுக்கடியில் கொழுப்பு மிகக் குறைவு, உடம்போடு ஒப்பிட்டால் தலையோ பெரியது. அதனால் நம்மைப் போன்ற வெப்ப நாடுகளிலும் இந்தக் குழந்தைகள் குளிர்ந்துபோகிறார்கள். 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர்கள் போதாத நிலையில், எட்கர் ரே என்ற மருத்துவர் தொடங்கிவைத்த கங்காரு முறைப் பராமரிப்பு இன்று நம் அரசு மருத்துவமனைகளிலும் நடைமுறையில் இருக்கிறது. தாயின் மார்போடு தோலுக்குத் தோல் ஒட்டிப் படுத்திருக்கும் குழந்தையின் மேல் அப்போது இருப்பது இடைத்துணி, காலுறை, தொப்பி ஆகிய மூன்று மட்டுமே. அந்தத் தொப்பி மென்மையான பருத்தி நூலில், ஓட்டை தெரியாத நெருக்கமான பின்னலில், அடிக்கடி வெந்நீரில் துவைத்தாலும் உருக்குலையாததாக இருந்தால் யாரும் அதை மேல்தட்டில் வைக்க மாட்டார்கள்.

பின்னும் வழி உங்களுக்குத் தெரியாததல்ல. ஒரு கணக்கை மட்டும் சொல்கிறேன். மேஜிக் ரிங் என்னும் இழுத்து இறுக்கும் வளையத்தில் தொடங்கி, கண்களைக் கூட்டி வட்டத்தை விரித்துக்கொண்டு போகும்போது, வேண்டிய சுற்றளவை 3.14ஆல் வகுத்தால் வருகிற விட்டத்தில் கூட்டுவதை நிறுத்த வேண்டும். 28 சென்டிமீட்டர் தொப்பிக்கு வட்டம் 9 சென்டிமீட்டர் வந்ததும் போதும். அதன்பின் கண்களைக் கூட்டாமல் நேராக இறக்குங்கள். பின்னல் இழுபடும் என்பதால் தொப்பியின் சுற்றளவு தலையைவிட ஒன்றிரண்டு சென்டிமீட்டர் குறைவாக இருப்பதே சரி. இன்னொன்று: கான்வென்ட்டில் நாம் கற்றது பெரும்பாலும் ஆங்கிலேயர் வழக்கு. அவர்கள் டபுள் குரோஷா என்று சொல்லும் பின்னலைத்தான் அமெரிக்கர்கள் சிங்கிள் குரோஷா என்கிறார்கள். உயரமான அமெரிக்க டபுளைச் சொல்லும் குறிப்பைப் பார்த்து, பழைய பழக்கத்தில் நம் டபுளைப் போட்டால் தொப்பியின் உயரம் பாதியாய்க் குறையும். எனவே குறிப்பில் உள்ள எண்ணிக்கையைவிட டேப்பை நம்புங்கள்.

கடையால் முடியாததைக் கை செய்கிற இடம் இது ஒன்றுதானா என்றால், இன்னொன்றும் உண்டு; அதைப் பற்றி எழுதும்போது எனக்கு எப்போதும் மனம் நெகிழும். மார்பகப் புற்றுநோய்க்காக அறுவை சிகிச்சையில் மார்பகம் அகற்றப்பட்ட பெண்களுக்கு, தழும்பு ஆறும் வாரங்களில் கனமான சிலிகான் செயற்கை மார்பகத்தை அணிய முடியாது. அது விலையும் அதிகம்; நம் வெயிலில் வியர்த்துக் கொட்டும். அமெரிக்காவில் அந்த நிலையில் இருந்த பார்பரா டெமொரெஸ்ட் என்பவர், தோழி பின்னிக் கொடுத்த பருத்தி மார்பகத்தை அணிந்து பார்த்து, அதன் சுகத்தை உணர்ந்து, 2011இல் நிட்டட் நாக்கர்ஸ் என்ற அமைப்பைத் தொடங்கினார். பின்னி உள்ளே செயற்கைப் பஞ்சு அடைத்த அந்த மார்பகம் கைக்குள் அடங்கும் எடைதான்; கழற்றித் துவைத்துக்கொள்ளலாம்; பஞ்சைக் கூட்டியோ குறைத்தோ மறுபக்கத்துக்கு ஒப்பாக்கிக்கொள்ளலாம். நம் நாட்டில் மும்பையில் உள்ள சாய்ஷா இந்தியா ஃபவுண்டேஷன் தன்னார்வலர்களைக் கொண்டு இதைப் பின்னி, தேவைப்படும் பெண்களுக்கு இலவசமாகத் தருகிறது. சீரான, நெருக்கமான பின்னல் கைவந்தவர்கள்தான் இதைச் செய்ய முடியும். ஓராண்டில் 60 தொப்பி பின்னிய உங்களுக்கு அது வராமல் போகாது.

இணையத்தில் அழகாகத் தெரிகிற எல்லாவற்றையும் பின்ன ஆசைப்பட வேண்டாம். குறைமாதக் குழந்தைகளுக்கென்று 2013இல் டென்மார்க்கில் தொடங்கிய பின்னல் ஆக்டோபஸ் பொம்மையை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதன் கால்கள் தொப்புள்கொடியை நினைவூட்டி அமைதி தரும் என்கிறார்கள். அதற்கு உறுதியான மருத்துவச் சான்று இல்லை. கால்களின் நீளம் 22 சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது, 60 டிகிரியில் துவைக்கக்கூடிய பருத்தியாக இருக்க வேண்டும் என்று அந்த இயக்கத்தினரே கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். மருத்துவமனை தானாகக் கேட்டாலொழிய அதைத் தொட வேண்டாம் என்பது என் கருத்து.

தனியாகப் பின்னுவது சலித்தால் கூடிப் பின்னுகிறவர்களும் இருக்கிறார்கள். சுபஸ்ரீ நடராஜன் தொடங்கிய மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ் குழுவினர் 2016 ஜனவரி 31 அன்று சென்னையில் 11,148.5 சதுர மீட்டர் பரப்புள்ள போர்வையை விரித்துக் கின்னஸ் சாதனை செய்தார்கள். பல ஊர்ப் பெண்கள் தத்தம் வீட்டில் பின்னி அனுப்பிய துண்டுகளை இணைத்த போர்வை அது. பிறகு தேவைப்படுவோருக்கு வழங்கப்பட்டது. அந்தக் குழுவில் உங்கள் வயதுக்காரர்கள் நிறையப் பேர் உண்டு.

அந்த 60 தொப்பிகளை என்ன செய்வது என்று கேட்காமலே விட்டுவிட்டீர்கள். நேரில் போய், தயங்காமல் திருப்பிக் கேட்டு வாங்கிவிடுங்கள். அவர்களுக்கும் அது நிம்மதியாக இருக்கும். மணிகளையும் குஞ்சங்களையும் எடுத்துவிட்டு, தொப்பிகளைப் பிரித்து நூலைச் சிட்டமாகச் சுற்றி, இரண்டு மூன்று முறை அலசிக் காற்றோட்டமாகப் போட்டு வாடையைப் போக்குங்கள். அதன் பிறகும் அந்த நூல் குழந்தைகளுக்கு வேண்டாம். சதுரங்களாகப் பின்னி இணைத்து, மலையூர்களில் உள்ள முதியோர் இல்லங்களுக்கு மடிப்போர்வையாகக் கொடுக்கலாம். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் மார்கழிக் குளிரில் முழங்காலுக்கு அது பேருதவி. சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்கு என்றால் ஓரங்கள் சக்கரத்தில் சிக்காதபடி ஒரு மீட்டருக்குள் நிறுத்திக்கொள்ளுங்கள். அங்கேயும் முன்கூட்டித் தொலைபேசியில் கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

இப்போதைக்கு ஒரே ஒரு தொப்பி பின்னுங்கள். வெள்ளையோ இளமஞ்சளோ, பருத்தி நூலில், 28 சென்டிமீட்டர். நூல் முனையைப் பின்னலுக்குள் முன்னும் பின்னுமாகக் கோத்து வெட்டி, வாசனை இல்லாத சோப்பில் அலசிக் காயவைத்து, அந்த மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைகள் பிரிவுத் தலைமைச் செவிலியரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். உச்ச நேரமாக இல்லாமல் பிற்பகலில் போனால் அவருக்குப் பேச அவகாசம் இருக்கும். இந்த வார்டில் எந்த அளவு அதிகம் வேண்டியிருக்கிறது, துணிகளை எப்படித் துவைக்கிறீர்கள், எந்த நிறம் ஆகாது, மாதத்துக்கு எத்தனை போதும் என்று கேட்டு, அவர் சொல்வதைச் சிறு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை போகும்போது மகளையும் அழைத்துச் செல்லுங்கள்; உள்ளே விடாவிட்டாலும், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கட்டும்.