முப்பரிமாண ஸ்கேன்: எதற்காக என்று கேட்டீர்களா?

கேள்வி: பேரங்காடியில் இலவச 3டி ஸ்கேன் முகாம். பேனா போன்ற ஒரு கருவியை வாய்க்குள் விட்டு, பல் வரிசை முழுவதையும் திரையில் காட்டினார்கள். இம்ப்ளாண்ட் (தாடை எலும்பில் பொருத்தும் செயற்கைப் பல் வேர்) போட இது போதுமா?
– வாசகர், பாயான் லெப்பாஸ்

பதில்: போதாது. அது ஒளியால் பல்லின் மேற்புறத்தையும் ஈறையும் அளக்கும் கருவி. மாவு வைத்து அச்செடுப்பதற்கு மாற்று, அவ்வளவுதான். எலும்புக்குள் இருப்பது அதில் தெரியாது. அதற்கு வேண்டியது சிபிசிடி என்கிற எக்ஸ்ரே. தலையைச் சுற்றிவந்து நூற்றுக்கணக்கான படங்களை எடுக்கும். கணினி அவற்றைச் சேர்த்து, தாடையை எந்தப் பக்கமும் துண்டு துண்டாகப் பார்க்கும்படி தரும். இரண்டையும் ‘3டி’ என்றே விற்கிறார்கள்.

கேள்வி: இம்ப்ளாண்ட் பேக்கேஜ் 5,500 வெள்ளி (மலேசிய ரிங்கிட்). இன்றே பாதியைக் கட்டினால் சிபிசிடி இலவசமாம். கட்டலாமா?
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: கட்டாதீர்கள். இதே வழியில் நான் பணம் இழந்திருக்கிறேன். கீழ்க் கடைவாய்ப்பல் ஒன்றுக்காக 3,000 வெள்ளி முன்பணம் கொடுத்தேன். அப்போது அவர்களிடம் இருந்தது ஓபிஜி படம் மட்டும்; இரு தாடைகளையும் ஒரே தட்டைப் படமாகக் காட்டும் எக்ஸ்ரே அது. அதில் எலும்பின் உயரம் தெரியும்; கன்னப் பக்கத்திலிருந்து நாக்குப் பக்கம் வரை உள்ள அகலம் தெரியாது. பணம் கட்டிய பிறகு எடுத்த சிபிசிடியில் என் எலும்பு கத்தி விளிம்புபோல் மெலிந்திருந்தது. எலும்பு வைத்துக் கட்ட மேலும் 4,000 கேட்டார்கள். வேண்டாம் என்றேன். முன்பணம் போனது போனதுதான்.

முதலில் ஸ்கேன், அதற்கு மட்டும் காசு. எலும்பின் அகலம் எவ்வளவு, கீழ்த்தாடை நரம்புக் குழாய் எவ்வளவு ஆழத்தில், மேல்தாடையானால் சைனஸ் எனும் காற்றறை எவ்வளவு அருகில் என்று டாக்டர் திரையில் காட்டட்டும். நரம்புக்கும் இம்ப்ளாண்டுக்கும் நடுவே 2 மில்லிமீட்டராவது இடைவெளி வேண்டும் என்பார்கள். அதைப் பார்த்த பிறகு விலை பேசுங்கள்.

கேள்வி: இன்ஸ்டாகிராமில் 280 வெள்ளிக்கு பிரேசஸ் (பல் கம்பி). ஓர் அக்கா வீட்டுக்கே வந்து ஒட்டினார். இப்போது பல் ஆடுகிறது. 3டி ஸ்கேன் எடுக்கட்டுமா?
– வாசகி, பிறை

பதில்: முதலில் அதைக் கழற்ற வேண்டும், நீங்களாக இல்லை, அரசு பல் கிளினிக்கில், நாளைக்கே. மலேசியப் பல் மருத்துவ மன்றத்தில் பதிவில்லாதவர் இந்த வேலை செய்வது குற்றம். எத்தனை முறை எழுதுவது?

கேள்வி: 9, 12 வயதுப் பிள்ளைகளுக்கு பிரேசஸ் ஆலோசனைக்குப் போனோம். டாக்டரைப் பார்க்கும் முன்பே முகப்பில் இருவருக்கும் 3டி எக்ஸ்ரே என்றார்கள். ‘இங்கே எல்லாருக்கும் எடுப்போம்’ என்றார்கள்.
– தாய், ஜெலுத்தோங்

பதில்: நீங்கள் எழுந்து வந்திருந்தாலும் தவறில்லை. எனக்குத் தீராத கோபம் தருவது இந்த ‘எல்லாருக்கும்’ என்ற சொல்தான்.

ஓபிஜி படத்தின் கதிர்வீச்சு ஏறத்தாழ 3 முதல் 24 மைக்ரோசீவர்ட் (உடல் பெறும் கதிர்வீச்சை அளக்கும் அலகு). சிபிசிடியில் கருவியையும் படம் பிடிக்கும் பரப்பையும் பொறுத்துப் பத்துச் சொச்சத்தில் தொடங்கி ஆயிரம் வரைகூடப் போகும். இயற்கையிலிருந்து ஓராண்டில் நாம் பெறுவது உலகச் சராசரியில் சுமார் 2,400. ஆகவே ஒரு படத்தால் பதற வேண்டாம். ஆனால் வளரும் உடல் கதிர்வீச்சைப் பெரியவர்களைவிடக் கூடுதலாக உணரும். காரணமில்லாமல் சிறு அளவுகூட ஏன்? ஐரோப்பிய ஆணையம் 2012இல் வெளியிட்ட சிபிசிடி வழிகாட்டி, நோயாளியின் வரலாற்றைக் கேட்டு வாயைச் சோதித்த பிறகே எடுக்க வேண்டும், வழக்கமாக எல்லாருக்கும் எடுக்கக் கூடாது என்கிறது. முகப்பில் இருப்பவர் எந்த வாயைச் சோதித்தார்?

காரணம் இருக்கும் பிள்ளைகளும் உண்டு. மேல் கோரைப்பல் எலும்புக்குள் சிக்கி, பக்கத்துப் பல்லின் வேரை அரிக்கலாம். அது எந்தப் பக்கம் கிடக்கிறது என்று தெரியாமல் இழுக்க முடியாது. அப்போது அந்த இடத்தை மட்டும் சிறு பரப்பில் எடுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: ரூட் கெனால் செய்த மேல் கடைவாய்ப்பல் ஓயாமல் வலிக்கிறது. நிபுணர் 3டி படம் கேட்கிறார்.
– வாசகர், ஆயர் ஈத்தாம்

பதில்: எடுங்கள். அந்தப் பல்லின் வேருக்குள் நான்காவது நரம்புக் கால்வாய் ஒளிந்திருப்பது சகஜம். உலோகக் கேப் இருந்தால் படத்தில் கீற்று விழும், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: அம்மாவுக்குத் தனியார் கிளினிக்கில் ஞானப்பல் எடுத்து ஐந்து மாதம். கீழுதடு இன்னும் மரத்தே இருக்கிறது. டீ வழிவதுகூடத் தெரியவில்லை. 3டி படம் எடுக்கவே இல்லை. கேட்டால் ‘சரியாகிவிடும்’ என்கிறார்கள். படங்களையும் தர மறுக்கிறார்கள்.
– மகள், ஜார்ஜ்டவுன்

பதில்: படிக்கவே மனம் கனத்தது. அம்மாவைக் காத்திருக்கச் சொல்லாதீர்கள். வாய் அறுவை நிபுணரிடம் இந்த வாரமே காட்டுங்கள். உணர்வு மெல்லத் திரும்புவதும் உண்டு, ஆனால் நாள் கடத்தினால் சிகிச்சை வாய்ப்பு குறையும்.

3டி எடுக்காதது மட்டுமே தவறாகிவிடாது. எடுத்தும் நரம்பு காயப்பட்டவர்கள் உண்டு. பழைய ஓபிஜியில், வேர் நரம்பை ஒட்டியிருப்பதற்கு அடையாளமாக, வேரின் மேல் கருநிழல் விழுந்திருந்ததா, நரம்புக் குழாயின் வெள்ளைக் கோடு அறுபட்டிருந்ததா என்பதே கேள்வி. அப்படி இருந்தும் மேற்கொண்டு பார்க்காமல், ஆபத்தைச் சொல்லாமல் பிடுங்கியிருந்தால் நியாயம் உங்கள் பக்கம்.

பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போய் அலையாதீர்கள்; 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் மருத்துவ சேவையை விலக்கி வைத்திருக்கிறது. புகார் மலேசியப் பல் மருத்துவ மன்றத்துக்கு. நட்ட ஈட்டுக்கு வழக்கறிஞர். எழுதித் தர உதவி வேண்டுமானால் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தை அணுகுங்கள். படங்களை 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அம்மா கையெழுத்திட்ட கடிதத்தில் கேளுங்கள்; சிறு கட்டணம் கேட்டால் கட்டி ரசீது வாங்குங்கள். கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பி, நகலை வைத்துக்கொள்ளுங்கள்.